அசலூர் ஊசி

— நெத்தியில நாமத்தப் போட்டுக்கினு வந்து, பேரு ஞானதாஸ்ன்றே.

— ஆமாங்க கம்பவுண்டரே. ஞானதாஸ்தான்.

— என் பேரு தானியேல். ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறவன். நாமம் போட்ட ஞானதாஸ இன்னைக்குத்தான் பாக்குறேன்.

— பொரட்டாசி மாசங்க. யார் வேணா போட்டுக்கலாம்.

— ஆவட்டும். எந்த ஊரு?

— திருப்புட்குழி.

— திருப்புட்குழிக்குக் காஞ்சிபுரம் கூப்புடு தூரம். அத வுட்டுட்டு உத்திரமேரூருக்கு எதுக்குய்யா பஸ் ஏறி வந்தே?

— இங்க ஊசி வலிக்காதுன்னு சொன்னாங்க.

— எவன் சொன்னான்?

— சொன்னாங்க.

— ஆவட்டும். காய்ச்ச வராம இருக்கப் போடற ஊசி யாருக்கு?

— எனக்கில்லீங்க. எங்க தெருவுல ஒருத்தன். இழுப்புக்காரன். எப்படிப் போடறாங்கன்னு நான் பாத்துக்கினு போயி சொன்னா, அப்பால அவன் வருவான்.

— நீ பேசறப்பவே உன் நெஞ்சுல துருத்தி ஊதுதேப்பா.

— பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாந்தேன். அத்தான்.

— பஸ்ஸு வந்து ஒரு நாழி ஆவுது. சட்டையத் தூக்கு. மூச்ச இஸ்து வுடு. இன்னும் நல்லா. திரும்பு, முதுகக் காட்டு. ம். உன் தெருக்காரன் வேற எங்கியும் இல்ல, உன் நெஞ்சுக்குள்ளதான் குடித்தனம் பண்ணிக்கினு கீறான். போயி அந்த வேப்பமரத்தாண்ட பெஞ்சியில குந்து. கூப்புடறேன்.

— கொஞ்சம் நவுந்துக்கோ நைனா. கம்பவுண்டரு என் நெஞ்சையும் கேட்டுட்டு இங்கதான் குந்தச் சொன்னாரு. நீயும் காய்ச்ச ஊசிக்கா?

— சும்மா பாக்க வந்தேன்.

— நானும் அப்படித்தான் சொல்லிக்கினு வந்தேன். வூட்ல கேட்டா, மாட்டுக்குக் கயிறு வாங்க சந்தைக்குப் போயிருக்காருன்னு சொல்லுவாங்க. நம்ம பேரு முனியன். மாகறலு. ஒளிவு மறைவு இல்லாத ஆளு.

— ஒளிவு மறைவு இல்லாதவன் மாகறல்லயே போட்டுக்கலாமே. அங்கியும் போட்டாங்கன்னு கேள்வி.

— அத ஏன் கேக்கறே. தண்டோராக்காரன் தெருத்தெருவா போயி அடிக்கிறான். நெஞ்சு சீக்குக்காரங்க, இழுப்புக்காரங்க, நாள்பட்ட இருமலு, எல்லாரும் சத்திரத்துல வந்து வரிசையில நிக்கணுமாம். எவன் நிப்பான், நீயே சொல்லு. நின்னா பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூரா காசம்னு கட்டிவுடுவான். இது காசம் இல்லடா, வெறும் இழுப்புன்னு எத்தினி பேருகிட்ட போயி சொல்றது?

— அப்ப வரிசையில ஒருத்தரும் நிக்கலியா?

— நின்னான். கேளு கூத்த. ஒரு சீக்கும் இல்லாத தடியனுங்க பூரா நின்னான். ஓசி ஊசியாச்சே. லொக்கு லொக்குன்னு பொய்யா இருமிக்கினு போயி போட்டுக்கினு வந்தான். மெய்யாலுமே இழுப்பு கீறவன் எல்லாம் வூட்டுக்குள்ள கதவ சாத்திக்கினு, வாயில துணிய வச்சுக்கினு குந்தினு இருந்தான். நான் உள்பட.

— எங்க பக்கமும் அதே கததான்.

— உனக்கும் இழுப்பா?

— எனக்கில்ல. எங்க தெருவுல ஒருத்தனுக்கு.

— ஆங். சொல்லு, சொல்லு. எனக்கும் அப்படி ஒருத்தனத் தெரியும்.

— நெல்லு மில்லுல கீறான் அவன். காலையிலேர்ந்து உமித் தூசுலதான் வேல. இருமல் வந்தா மிசினு ஓடறப்பதான் இருமுவான். மிசினு போடற சத்தத்துல யாருக்கும் கேக்காது. மிசின நிறுத்தினா வாய மூடிக்குவான். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மறுநாள் வேல இல்ல. இப்படியே வருசக்கணக்கா ஓட்டிக்கினு வந்தான். ஒருநாள் திடீர்னு பெல்ட்டு அறுந்துபோச்சு. மில்லே கம்முனு ஆயிட்ச்சு. எல்லாரும் வாயப் பொளந்துக்கினு பெல்ட்டப் பாத்துக்கினு நிக்கறாங்க, இவனுக்கு நெஞ்சு முட்டிக்கினு வருது. இன்னா பண்ணுவான்?

— இன்னா பண்ணான்?

— அவுத்து வச்சிருந்த நெல்லு மூட்டைக்குள்ள தலைய வுட்டுக்கினான். உள்ளியே இருமித் தீத்தான். மேஸ்திரி வந்து, இன்னாடா பண்றேன்னு கேட்டான். நெல்லு காஞ்சிருக்கான்னு மோந்து பாக்கறேன்னு சொன்னான்.

— அடங்கொப்புரானே. மேஸ்திரி நம்பினானா?

— நல்லா நம்பினான். அன்னையிலேர்ந்து எந்த மூட்ட வந்தாலும் மோந்து பாக்கற வேல அவனுக்குத்தான்.

— சிரிக்க வைக்காத நைனா. சிரிச்சா எனக்கு இழுத்துக்கும்.

— சிரிக்கறதுக்கு ஒன்னும் இல்ல. அதுக்கப்புறம் தூசு ரெட்டிப்பு.

— அவன் இந்த ஊசியப் போட்டுக்கினாதான் இன்னா? மில்லுலயே வந்து போட்டிருப்பாங்களே?

— போட்டாங்க. மேஸ்திரி பக்கத்துலயே நாற்காலி போட்டுக் குந்திக்கினான், எவன் எவன் கைய நீட்டறான்னு பாக்க. இவன் போயி மூட்டைக்குப் பின்னால நின்னுக்கினான்.

— இழுப்போடவே இத்தினி வருசம் ஓட்டிட்டான். ஊசி இல்லாம ஓட்ட மாட்டானா?

— இந்தக் காய்ச்ச மொத தடவ வந்தப்ப, அவன் கூட்டாளி ஒருத்தன், அவனுக்கும் இதே நெஞ்சு. காய்ச்ச மில்லுல எல்லாருக்குந்தான் வந்திச்சு. எல்லாரும் கஞ்சி குடிச்சுட்டு, கை கால் ஒடஞ்ச மாதிரி கீதுன்னு பொலம்பிக்கினு, எழுந்து வேலைக்கு வந்துட்டாங்க. அந்தக் கூட்டாளி ஒருத்தன்தான் வரல. மூச்சு வுட முடியாம, குந்தின மேனிக்கே போயிட்டான். ஞானதாஸ்னு பேரு.

— உன்னையும் கம்பவுண்டரு ஞானதாஸுன்னாரே.

— அதே பேருதான் எனக்கும்.

— ம். அப்ப உன் தெருக்காரனுக்கு பயம் புடிச்சுக்கிச்சு.

— பயந்தான். நல்ல பயம். அவன் பொண்ணுக்குக் கல்யாண வயசு. அது கழுத்துல தாலி ஏறறதப் பாக்காம போயிடுவோமோன்னு கெடந்து துடிக்கிறான். வெளிய சொல்லவும் முடியல.

— கல்யாணம்னியே, நல்ல நேரத்துல ஞாபகப்படுத்தினே. அந்த மில்லு எங்க கீது? வாலாஜாபாத்தா?

— ஆமா.

— அங்க எல்லப்பன்னு ஒரு ஆளத் தெரியுமா?

— எதுக்கு?

— நமக்கு சம்பந்தி ஆவப்போறவன் நைனா. அவன் பொண்ணு சுலோச்சனாவ எம் புள்ள முத்துவேலுக்குப் பேசிக் கீது. வர்ற வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்தறோம். ஐப்பசியில தாலி. இன்னா, சட்டுனு எழுந்து நிக்கறே? தெரியுமா, தெரியாதா?

— தெரியும். தெரியுங்க.

— இன்னா புதுசா 'ங்க' எல்லாம் போடறே?

— வயசுல மூத்தவரா கீறீங்க.

— இத்தினி நேரம் என் வயசு உனக்குத் தெரியலியா?

— கண்ணுல வெயிலடிச்சுக்கினு இருந்திச்சுங்க. இப்பத்தான் நெழலு வந்திச்சு. இப்படி உள்ள தள்ளி குந்துங்க. முதுகு சாஞ்சுக்க மரம் கீது பாருங்க.

— பரவால்ல, நீ குந்து. நல்ல வேள, உன்னப் பாத்தேன். பொண்ணு வூட்டப் பத்தி அந்த ஊரு ஆளுகிட்ட விசாரிக்கணும்னு சிட்டம்மா, அதான் நம்ம பொஞ்சாதி, அரிச்சுக்கினு இருந்தா. அந்த எல்லப்பன் ஒரு தடவையாவது வந்து மொகத்தக் காட்டினானா? எதுக்கெடுத்தாலும் மச்சான அனுப்பறான். அவனுக்கு இன்னா அவ்ளோ கர்வம்?

— நீங்க போனீங்களா அங்க?

— நானா? நான் எப்படிப் போவேன்? போயி குந்தி நாலு வார்த்த பேசினா நெஞ்சு கோழி மாதிரி கொக்கரிக்குது. எங்க அண்ணனத்தான் அனுப்பினேன்.

— அப்ப அங்கியும் உங்களக் கர்வம் புடிச்ச ஆளுன்னுதான் சொல்லிக்கினு இருப்பாங்க.

— சொல்லட்டும். மாப்ள வூட்டுக்காரன் கர்வமா இருந்தா தப்பில்ல. இழுப்புக்காரன்னு தெரிஞ்சாதான் போச்சு. ஆளு எப்படி, அதச் சொல்லு.

— சுமாருங்க.

— சுமாருன்னா? குடி கிடி?

— அதெல்லாம் கெடையாது.

— பொண்ணு?

— தங்கம்ங்க. அதப்பத்தி ஒரு வார்த்த கொற சொல்ல முடியாது. மில்லுக்கு சோறு எடுத்துக்கினு வரும். அப்பன் தின்னு முடிக்கிற வரைக்கும் கிட்டயே குந்தினு இருக்கும். அது வேற வூட்டுக்குப் போனா அந்த ஆளுக்கு சோறு எறங்குமான்னு தெரியல. ஆனா போவணும். நல்ல எடத்துல போயி நல்லா இருக்கணும்.

— நீ ஏன் கண்ணத் தொடைக்கிறே?

— வேப்பம்பூங்க. தூசு.

— பொரட்டாசியில எங்க நைனா வேப்பம்பூ? சரி, அத வுடு. முக்கியமான சமாச்சாரத்துக்கு வா. எல்லப்பன் நெஞ்சு எப்படி? மில்லு ஆளாச்சே. இருமலு, இழுப்பு?

— அதெல்லாம் ஒன்னுமில்ல.

— மெய்யாலுமா?

— கல்லுங்க அவன் நெஞ்சு. ஒத்த ஆளா மூட்ட தூக்குவான்.

— அந்த மோந்து பாக்கறவன் இவன் இல்லியே?

— இல்லீங்க. அவன் வேற.

— போச்சு.

— இன்னாங்க போச்சு?

— அவன் நெஞ்சும் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா தேவலன்னு நெனச்சுக்கினு இருந்தேன். சாமிகிட்டகூட வேண்டிக்கினேன்னு வச்சுக்கோயேன். அவனும் நம்மளாட்டம் கோழ துப்பறவனா இருந்தா, உனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்னு கம்முனு கல்யாணத்த முடிச்சிருக்கலாம். நீ இன்னா, கல்லுன்றே.

— கல்லா இருந்தா நல்லதுதானே?

— அவனுக்கு நல்லது. எனக்கு? சொல்றேன் கேளு. எனக்கு மழ வந்தா படுக்க முடியாது, பனி வந்தா நடக்க முடியாது. சிட்டம்மாதான் வெந்நி வக்கிறா, ஒத்தடம் குடுக்கறா, கோழச் சட்டியக் கழுவறா. அவ மொகத்த நான் பாத்துக்கினுதானே கீறேன். இனிமே அது மருமவ தலையிலதான் வுழும். நல்ல நெஞ்சுக்காரன் வூட்டுப் பொண்ணு, தங்கம்னு வேற சொல்றே, அத இட்டாந்து கோழச் சட்டி கழுவ வுட்டா, பெத்தவன் வயிறு எரியாதா? அதயும் மறச்சு வச்சுக் கட்டிக்கினா? நாளைக்கு அந்த ஆளு மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?

— அவன் ஒன்னும் நெனச்சுக்க மாட்டான்.

— உனக்கு எப்படித் தெரியும்? நான் முடிவு பண்ணிட்டேன். இந்த ஊசியப் போட்டுக்கினு வூட்டுக்குப் போன கையோட அண்ணன அனுப்பி, இந்த சம்பந்தம் வேணாம்னு சொல்லிடறேன். ஜாதகம் சரியில்லன்னு எதையாவது சொல்லிக்கலாம்.

— அவசரப்படாதீங்க.

— நீ ஏன் பதர்றே?

— எல்லப்பன் நெஞ்சு அவ்ளோ கல்லு இல்லீங்க.

— இப்பத்தானே கல்லுன்னே?

— தூரத்துலேர்ந்து பாத்தா கல்லு. கிட்டப் போனா இழுக்கும்.

— இழுக்குமா?

— நல்லாவே இழுக்கும். சத்தியமாச் சொல்றேன், அந்த மோந்து பாக்கறவனே அவன்தான்.

— நல்ல மனுசன்யா நீ.

— இன்னாங்க?

— நான் மனசு ஒடஞ்சு பேசினதும், எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, பாவம், அந்த நல்ல ஆளுக்கு இழுப்ப வாங்கிக் குடுக்கறே பாரு. யார் செய்வான்? வேணாம் நைனா. எனக்காவ நீ பொய் சொல்லாத. பாவம்.

— பொய் இல்லீங்க. நான் சொல்றத...

— ஞானதாஸு. அந்த மாகறல்காரரு. ரெண்டு பேரும் உள்ள வாங்க.

— வந்துட்டோம் கம்பவுண்டரே. மொதல்ல ஒரு சந்தேகம். இந்த ஊசியப் போட்டுக்கினா இழுப்பு நின்னுடுமா?

— இழுப்பு உன் கூடப் பொறந்த மாதிரி, அது நிக்காது. இது காய்ச்சலுக்கு. நல்ல நெஞ்சுக்குக் காய்ச்ச வந்தா, வரும், ரெண்டு நாளு இருக்கும், போயிடும். உங்கள மாதிரி நெஞ்சுக்கு வந்தா, போவறப்ப ஆளையும் இட்டுக்கினு போயிடும். அதுக்காவத்தான் மெனக்கெட்டு உங்களாட்டம் ஆளுங்களக் கூப்புட்டு அனுப்பறோம். நீங்க இன்னாடான்னா அசலூரு அசலூரா ஓடி ஒளியறீங்க. ஆவட்டும். முட்ட தின்னா ஒடம்புக்கு ஒத்துக்குமா? தடிப்பு, அரிப்பு ஒன்னும் வராதே?

— முட்டைக்கும் ஊசிக்கும் இன்னா கம்பவுண்டரே?

— இந்த மருந்தக் கோழி முட்டையிலதான் வளக்கறாங்க. அதனால கேக்கணும்.

— பொரட்டாசி மாசத்துல முட்டையா?

— வாயிலயா போடறேன்? கையிலதானேப்பா போடறேன்.

— அப்ப பெருமாளு ஒன்னும் சொல்ல மாட்டாரு. முட்ட ஒத்துக்கும்.

— உனக்கு?

— ஒத்துக்குங்க.

— சரி. இப்ப ஒரு சமாச்சாரம். காலையிலேர்ந்து வந்தவன் எல்லாம் நெஞ்சு நெஞ்சுன்னு சொல்லிப் போட்டுக்கினு போயிட்டான். புட்டியில அடி மருந்துதான் கீது. ஒரு ஆளுக்கு வரும்.

— அடுத்த புட்டி?

— மெட்ராஸ்லேர்ந்து ஐஸ் பொட்டியில வரணும். எப்ப வரும்னு எனக்கே தெரியாது.

— காய்ச்ச எதுவரைக்கும் வந்திருக்குங்க?

— செங்கல்பட்டுல நேத்து ஆஸ்பத்திரி ரொம்பிட்ச்சாம். அது வர்றதுக்கு ஐஸ் பொட்டி வேணாம்ல. ஞானதாஸு, நீதான் முன்னாடி வந்தே. கையக் காட்டு.

— அவருக்குப் போடுங்க கம்பவுண்டரே.

— இன்னா நைனா வெளையாடறே? உன் மொறதான். நான் உனக்குப் பின்னாடி வந்தவன்.

— இருக்கட்டுங்க. நீங்க போட்டுக்குங்க.

— கம்பவுண்டரே, நீங்க அவருக்குப் போடுங்க. நான் மாகறலு, கிட்டத்துல கீற ஆளு. இன்னொரு நாளு வருவேன்.

— இன்னொரு நாளு வந்தா பெஞ்சிதான் இருக்கும், மருந்து இருக்காது. யோவ் ஞானதாஸு, ரெண்டு பேரு நெஞ்சையும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். இவருது மோசம். உன்னுது ரொம்ப மோசம். காய்ச்ச வந்தா நீ தாங்க மாட்டே. தெரிஞ்சுதான் பேசறியா?

— தெரியுங்க. கண்ணால பாத்தவன்.

— பயமில்லியா?

— பயம் இல்லாமலா இத்தினி தூரம் பஸ் ஏறி வந்தேன்? இருந்தாலும் அவருக்குத்தான் போடணும்.

— இவன் இன்னா ஆளுய்யா. ஏன் நைனா, நான் உனக்கு யாரு? பெஞ்சியில ஒன்னா குந்தினவன். அதுக்காவ உசுர வுட்டுக் குடுப்பாங்களா?

— சண்டய அப்பால வச்சுக்குங்க. மருந்து சூடேறினா ரெண்டு பேருக்கும் இல்லாம வீணாப் போவும். சொல்லுப்பா, உன் மொறைய எதுக்கு இவருக்குக் குடுக்கறே?

— மொதப் பந்தி மாப்ள வூட்டுக்காரங்களுக்குத்தான் போடணும் கம்பவுண்டரே, பொண்ணப் பெத்தவன் கடசிப் பந்தியிலதான் குந்துவான். கையக் காட்டுங்க, சம்பந்தி.